அணுக்கள் நகரும் நேரம்

வணக்கம், நேயர்களே. கோட்பாட்டு வேதியியல் என்பது சோதனைக்குழாயே இல்லாத வேதியியல். ஒரு வேதிவினை நடக்கும்போது அணுக்கள் எப்படி நகர்கின்றன என்பதைக் குவாண்டம் விதிகளைக் கொண்டு கணக்கிடுவது என் வேலை. படித்து முடித்ததிலிருந்து இதைத்தான் செய்துவருகிறேன்.

விதிகள் கிடைத்து ரொம்ப காலமாகிறது. அணுவையும் எலக்ட்ரானையும் அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாடு 1926இல் வந்தது. மறு ஆண்டே இயற்பியலாளர்கள் போர்னும் ஓப்பன்ஹைமரும் அதை மூலக்கூறுகளுக்குக் கணக்கிட ஒரு வழி காட்டினார்கள். எலக்ட்ரானைவிடப் புரோட்டான் ஏறக்குறைய 1836 மடங்கு கனமானது. அணுக்கரு மெதுவாக நகர்கிறது, எலக்ட்ரான்கள் உடனுக்குடன் அதைப் பின்தொடர்கின்றன என்று வைத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடலாம்.

அப்புறம் என்ன சிக்கல்? நீர் மூலக்கூறின் வடிவத்தைச் சொல்ல 3 எண்கள் போதும். அலையைக் கணக்கிட ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளிகள் வைத்தால் மொத்தம் 1,000 புள்ளிகள். பென்சீனில் 12 அணுக்கள், 30 எண்கள். அதே கணக்கில் போனால் ஒன்றுக்குப் பின்னால் 30 சுழியங்கள்! எந்தக் கணினியும் தாங்காது. 1990இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மேயர், மான்தே, செடர்பாம் மூவரும் ஒரு முறையைத் தந்தார்கள். அலையை விவரிக்கும் சார்புகளை நிலையாக வைக்காமல், அலையோடு சேர்ந்தே அவையும் மாறிக்கொண்டு போகும்படி விட்டார்கள். 10 அணுக்கள் கொண்ட பிரசீன் என்ற மூலக்கூறை அதன் 24 அதிர்வுகளோடும் கணக்கிட முடிந்தது அந்த முறையால்தான். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை அது.

ஆய்வு மாணவனாக இருந்தபோது என் கணக்கில் ஒரு மூலக்கூறு உடைந்து மறுபடி சேர்ந்தது. புதிதாக ஒன்றைக் கண்டுவிட்டேன் என்று வாரக்கணக்கில் நம்பினேன். உண்மையில் அலை, நான் போட்டிருந்த புள்ளிக் கட்டத்தின் விளிம்பில் மோதித் திரும்பியிருக்கிறது. விளிம்பைத் தள்ளி வைத்ததும் எல்லாம் மறைந்துவிட்டது. மிகவும் வலித்தது. இன்றும் என் மாணவர்கள் ஒரு முடிவோடு வந்தால், கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன்.

இப்போது என்னை இழுப்பது போர்ன்–ஓப்பன்ஹைமர் வழி செல்லாத இடங்கள். நம் கண்ணில் ஒளி பட்டதும் ரெட்டினால் மூலக்கூறு சுமார் 200 ஃபெம்டோ வினாடியில் முறுக்கிக்கொள்கிறது. ஒரு ஃபெம்டோ வினாடி என்பது ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அணுக்கள் நகர நகர மூலக்கூறின் ஆற்றல் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தை ஆற்றல் பரப்பு என்போம். அந்த நேரத்தில் இரண்டு ஆற்றல் பரப்புகள் கூம்பு முனைபோல ஒன்றையொன்று தொடுகின்றன. அங்கே எலக்ட்ரானையும் அணுக்கருவையும் பிரித்துக் கணக்கிட முடியாது. மூலக்கூறின் எந்த அதிர்வைக் கணக்கிலிருந்து விட்டால் பரவாயில்லை, எதை விடவே கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நாளைக் காலையும் அந்தக் கணக்கில்தான் உட்காரப்போகிறேன். நன்றி, வணக்கம்.