சருகைக் கூட்டாத தோப்பு

வணக்கம் நேயர்களே. தி.நகரோ புரசைவாக்கமோ, சென்னையில் சாக்லேட் இல்லாத பெட்டிக்கடை கிடையாது. அந்த சாக்லேட்டுக்கு மூலமான கோகோ நம்ம பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைகிறது. மலையேறினால் புலிகள் காப்பகம், அடிவாரத்தில் கோகோ. இந்த அக்கம்பக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

கோகோ அமேசான் காட்டில் பெரிய மரங்களுக்கு அடியில் வளர்ந்து பழகிய மரம், நிழல் அதற்குப் பிடிக்கும். ஆனால் உலகத்துக்கே அதிகமாகக் கோகோ கொடுக்கும் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் காட்டை அழித்துத்தான் பல தோட்டங்களைப் போட்டார்கள். புது மண்ணில் சில வருஷம் நன்றாகக் காய்க்கும், மண் சோர்ந்ததும் அடுத்த காட்டில் கைவைப்பார்கள். 2024 டிசம்பரில் ஒரு டன் விலை 12,000 டாலரைத் தாண்டியபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்த விலையைப் பார்த்து இங்கேயும் யாராவது காட்டோரத்தில் கோடரி எடுத்துவிடக் கூடாதே!

கோடரி எடுக்கத் தேவையே இல்லை, இருக்கிற தோப்பைச் சரியாகப் பார்த்துக்கொண்டாலே போதும். கோகோ மரத்தின் தண்டிலேயே பூக்கும் அந்தச் சின்னப் பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் தேனீ அல்ல, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பொடி ஈ. ஈரச் சருகிலும், உடைத்துப்போட்ட கோகோ ஓட்டிலும், அழுகும் வாழைத்தண்டிலும்தான் அது பெருகும். தோப்பு பளிச்சென்று இருக்கவேண்டும் என்று சருகையெல்லாம் கூட்டி எரித்தால் காய்ப்பிடிப்பும் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் பறவைகள். இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் பறவையும் வௌவாலும் அண்டாதபடி கோகோ மரங்களுக்கு வலை கட்டிப் பார்த்தார்கள். பூச்சியைத் தின்ன ஆளில்லாமல் விளைச்சல் 31 சதவீதம் சரிந்தது என்று 2013இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. பிரேசிலின் பாகியா மாநிலத்தில் காட்டு மர நிழலிலேயே கோகோ வளர்க்கும் பழைய முறை உண்டு. பொன்னிறப் பிடரியுள்ள சின்னஞ்சிறு குரங்குகள் அந்தத் தோப்புகளில் வாழ்கின்றன, அங்கே அவை விரும்பித் தின்பது நம்ம ஊரிலிருந்து போன பலாப்பழம்! ஆனாலும் அந்தத் தோப்பு முழுக்காட்டுக்கு ஈடாகாது. அதனால்தான் காட்டுக்குள் கோகோ வேண்டாம், இருக்கிற தென்னந்தோப்பே போதும் என்கிறேன்.

தொல்லையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நிழல் மிஞ்சினால் மழைக்காலத்தில் காய் கருகி அழுகும், கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தே ஆகவேண்டும். பழுத்த காயை அணில் ஓட்டை போடும், எலி பிஞ்சையும் விடாது. அதற்காக விஷம் வைக்காதீர்கள், விஷம் தின்ற எலியைப் பிடிக்கும் ஆந்தையும் சேர்ந்து சாகும். பழுக்கப் பழுக்க உடனே பறித்துவிடுவதுதான் சரி, ஆனால் அதற்குக் கூலி ஆகும். அந்தக் கூலியை விவசாயி மட்டும் சுமப்பது நியாயமில்லை. காட்டையும் பறவையையும் உறையில் படம் போட்டு விற்கிற கம்பெனிகள் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கட்டும், கடையில் வாங்கும் நாமும் எந்த ஊர்த் தோப்புக் கோகோ, எப்படி வளர்த்தது என்று கேட்போம். நன்றி, வணக்கம்.