கறுத்த சுருட்டு காட்டமா? வட்டக்கச்சி வயல்கொட்டிலில் ஒரு மாலை

வணக்கம் உறவுகளே! சத்தம் தெளிவாகக் கேட்கிறதோ தெரியாது, சோளகம் இன்றைக்கு விடாமல் அடிக்கிறது. காற்று வரும் பக்கம் ஓலைத் தட்டி ஒன்றைச் சாய்த்துவிட்டுத்தான் கமராவை வைத்திருக்கிறேன். இது வட்டக்கச்சியில் எங்கள் வயல்கொட்டில். பின்னால் தெரிவது சிறுபோக நெல். இரணைமடுவில் தண்ணீர் திறந்து மூன்று நாள் ஆகிறது, அதுதான் வாய்க்கால் இப்படிச் சலசலக்கிறது. தவளைக்கும் இன்றைக்கு நல்ல குஷி.

தொடங்குவதற்கு முன் ஒன்று. இன்றைய வீடியோ சுருட்டைப் பற்றியது. 21 வயது ஆகாதவர்கள் இந்த இடத்திலேயே வேறு வீடியோவுக்குப் போய்விடுங்கள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. விளம்பரமும் கூடாது. அதனால் சுருட்டில் இருந்த தாள் வளையத்தைக் கழற்றிவிட்டேன், பெயர் கேட்டுக் கீழே எழுதாதீர்கள். புகைக்காதவர்கள் இதைப் பார்த்துத் தொடங்கவும் வேண்டாம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் இது நல்லதில்லை. நான் மாதத்துக்கு ஒன்று, அதுவும் அம்மாவுக்குத் தெரியாமல். இந்த வீடியோவுக்குப் பிறகு தெரிந்துவிடும், சரி, பார்ப்போம்.

கையில் இருப்பதைக் கிட்டக் காட்டுகிறேன். ஐந்து அங்குல நீளம். தடிப்பைச் சுருட்டு செய்கிறவர்கள் ஓர் அங்குலத்தை 64 பங்காகப் பிரித்துச் சொல்கிறார்கள். இது 50, அதாவது விட்டம் ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். இந்த அளவுக்கு ரொபஸ்ரோ என்று பெயர். நிறத்தைப் பாருங்கள். கருக வறுத்த கோப்பிக்கொட்டை போல இருக்கிறது. இலை கொஞ்சம் முரடு, நரம்பு தெரிகிறது, விரலால் தடவினால் மெல்லிய எண்ணெய்ப் பசை. கனடாவிலிருந்து வந்த சித்தப்பாவின் மகன், அமெரிக்கா போய்வந்தபோது வாங்கியதில் ஐந்தை எனக்குக் கொடுத்தான். கொடுக்கும்போதே, "அண்ணா, இது அங்கே சும்மா அன்றாடம் பிடிக்கிற சுருட்டு, பெரிதாக நினைக்காதே, நல்ல சாது" என்றான்.

சாது என்றதும் நான் நம்பவில்லை. காரணம் என் அப்பப்பா. குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வன்னிக்கு வருவதற்கு முன், அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் சுருட்டியவர். கமக்காரன் ஆன பிறகும் கடைச் சுருட்டைத் தொடமாட்டார், தானே இலை வாங்கி, தானே சுருட்டுவார். கோடா என்கிற சாறு தெளித்து, கறுத்து, பிசுபிசுவென்று இருக்கும். ஒரு நாள் அவர் பாதியில் வைத்துவிட்டுப் போனதை எடுத்து இரண்டு இழுவை இழுத்தேன். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வானமும் தென்னையும் சேர்ந்து சுற்றின. அன்றிலிருந்து எனக்குக் கறுப்பு என்றால் காட்டம். நீங்களும் பலர் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அந்தக் கணக்குப் பிழை என்பதற்காகத்தான் இன்றைய வீடியோ.

இந்தக் கறுப்புக்கு மடூரோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் பழுத்தது என்று அர்த்தம். நல்ல பெயர், ஏனென்றால் நடப்பதும் அதுதான். உலர்த்திய இலையை அம்பாரமாக அடுக்கிவிடுவார்கள். ஈரம் காயாத நெல்லைக் குவித்து வைத்துவிட்டு அடுத்த நாள் உள்ளே கையை விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். அதே சூடுதான். யாரும் நெருப்பு வைப்பதில்லை, இலை தானாகவே கொதிக்கிறது. சூடு அளவு மீறும்போது அம்பாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியே, வெளியே இருந்ததை உள்ளே என்று மாற்றி அடுக்குவார்கள். மூக்கைக் குத்துகிற அமோனியா அந்த நேரத்தில்தான் பறந்துபோகிறது. மடூரோவுக்கு இந்த வேலை மற்ற இலைகளைவிடக் கூடிய காலம், கூடிய சூட்டில் நடக்கும். மெல்லிய இலை என்றால் அழுகிப் போய்விடும், அதனால் தடித்த இலைதான் சரிவரும். மெக்சிக்கோவின் சான் அந்திரேஸ் இலை ஒன்று. அமெரிக்காவில் கனெக்ரிகட் பள்ளத்தாக்கின் பிறோட்லீஃப் இன்னொன்று. இந்தப் பிறோட்லீஃபை இலை இலையாக ஆய்வதில்லை, செடியை அடியோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். என் கையில் இருப்பதும் பிறோட்லீஃப்தான்.

ஆகவே கறுத்திருப்பது மேலே சுற்றிய இலை. காட்டம் பெரும்பாலும் உள்ளே வைத்த இலைகளில் இருந்து வருகிறது. ஒரே செடியில் உச்சியில் வெயிலைக் குடித்து வளர்ந்த இலை லிகேரோ, அதில்தான் காட்டம். நடுவில் இருப்பது சேக்கோ, மணம் அதில். அடியில் நிழலில் கிடந்தது வொலாடோ, நன்றாக எரியத்தான் அது உதவும். உள்ளே லிகேரோவைக் குறைத்து வைத்தால் மேல் இலை எவ்வளவு கறுத்தாலும் சுருட்டு சாதுதான். வெளிறிய மேல் இலைக்குள் லிகேரோவை நிரப்பி ஆளைச் சாய்க்கிற சுருட்டும் உண்டு. அதே நேரம், மலிவான சிலவற்றில் கறுப்புக்காகச் சாயம் ஏற்றுவதும் நடக்கிறது. ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லை.

சரி, பற்ற வைப்போம். நம் சுருட்டு இரண்டு பக்கமும் திறந்திருக்கும், ஒன்றும் வெட்டத் தேவையில்லை. அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் செரூட் என்று சொல்லப் பழகினான், சுருட்டு என்ற நம் சொல்தான் அவன் வாயில் அப்படி ஆகிவிட்டது. இதற்கு ஒரு முனையில் இலைத் தொப்பி இருக்கிறது. என்னிடம் வெட்டி இல்லை, புது சவர பிளேட் ஒன்று. தொப்பியின் மேல் இரண்டு மில்லிமீற்றர், அவ்வளவுதான். ஆசைப்பட்டுக் கீழே வெட்டினால் மேல் இலை கழன்றுவிடும்.

பற்ற வைக்காமல் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். ம்ம். புழுக்கொடியல். உண்மையாகத்தான் சொல்கிறேன், பானையைத் திறந்தவுடன் புழுக்கொடியல் மணக்கும் பாருங்கள், அந்த மண் கலந்த இனிப்பு.

நெருப்புக்குச்சிதான் பாவிக்கிறேன். மண்ணெண்ணெய் விளக்கில் பற்ற வைத்தால் முதல் பத்து நிமிடமும் மண்ணெண்ணெயைத்தான் ருசிக்க வேண்டும். குச்சியின் மருந்து எரிந்து முடியும்வரை பொறுத்து, சுடரைத் தொடவிடாமல் சுற்றிச் சுற்றி வாட்ட வேண்டும். அப்பளம் சுடுகிற பக்குவம். விளிம்பு முழுக்கச் சிவந்த பிறகு வாயில் வைக்கலாம்.

முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் மிளகு, நாக்கு நுனியில் மட்டும். எனக்குப் பயம் வந்தது, கிணற்றுக்கட்டு ஞாபகம். ஆனால் அது தங்கவில்லை. பின்னாலேயே கோப்பி வருகிறது. கடைக் கோப்பி இல்லை, கொத்தமல்லி போட்டு வறுத்து உரலில் இடித்த வீட்டுக் கோப்பி. புகை தடிப்பாக இருக்கிறது, வாயை நிரப்புகிறது, ஆனால் சுரண்டவில்லை. நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நிக்கொட்டீன் வாய்த் தோலாலேயே இரத்தத்துக்குப் போய்விடும். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனதும் இதுதான், சிகரட் மாதிரி இழுத்தேன். நிமிடத்துக்கு ஒரு இழுவை போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும்.

வீடியோவை இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நடுப் பகுதி. இப்போதுதான் இந்தச் சுருட்டு யாரென்று காட்டுகிறது. சாம்பல் ஓர் அங்குலத்துக்கு மேல் நிற்கிறது, வெளிறிய சாம்பல் நிறம். கோப்பி பின்னுக்குப் போய்ப் பனங்கட்டி முன்னால் வந்திருக்கிறது. மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டுப் பார்த்தால் முறிகண்டியில் பஸ் நிற்கும்போது ஜன்னலுக்குள் வருகிற வறுத்த கச்சான் வாசம். இடையில் முதிரை மரம் அரிந்த தூளின் மணம் மாதிரி ஒன்று. பால் விடாத தேத்தண்ணீரும் பனங்கட்டித் துண்டும் பக்கத்தில் வைத்திருக்கிறேன், ஒரு கடி, ஒரு மிடறு, ஒரு இழுவை. விஸ்கி தேவையென்று சொல்கிறவர்கள் இதைச் செய்து பார்க்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். காற்றுப் பக்கம் கோணலாக எரிந்தது, இரண்டு தடவை திருத்தினேன். தட்டி இல்லாவிட்டால் பாதி சுருட்டைச் சோளகமே பிடித்திருக்கும். ருசியும் இந்த இடத்திலிருந்து பெரிதாக மாறவில்லை. விலை கூடிய சுருட்டுகள் மூன்று பகுதியிலும் மூன்று கதை சொல்லும் என்பார்கள். இது ஒரே கதையைத்தான் சொல்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வேலை முடித்து, கால் கழுவிவிட்டு உட்காருகிறவனுக்குப் புதிர் எதற்கு?

விலையைக் கேட்பீர்கள். அங்கே ஐந்து, ஆறு டொலர் என்றான் தம்பி. அவனுக்கு அன்றாடம். நம் காசில் ஆயிரத்தைந்நூறுக்கு மேல் வரும். எனக்கு இது திருவிழாச் சுருட்டு!

பத்திரப்படுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தில் ஒன்று அநியாயமாகப் போனது. வெக்கைக்குப் பயந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். குளிர்சாதனப் பெட்டி ஈரத்தை உறிஞ்சிவிடும், மேல் இலை வெடித்துப் போனது. அது போதாதென்று பக்கத்தில் கருவாடு. நானும் பற்ற வைத்துப் பார்த்தேன், பாரைக் கருவாட்டுச் சுருட்டு. இப்போது காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில், காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டோடு வைத்திருக்கிறேன், பஞ்சு சுருட்டில் படக் கூடாது. ஈரப்பதம் 65 முதல் 70 வீதம் இருந்தால் நல்லது. வெக்கை கூடினால் புகையிலை வண்டு பொரித்து ஊசித் துளை போடும், எனவே வீட்டில் குளிர்ந்த மூலை பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

சுருட்டுக் கொட்டில் என்றேனே, அப்பப்பா சொன்ன ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இவர்கள் குனிந்து சுருட்டிக்கொண்டிருக்க, ஒருவர் நடுவில் இருந்து பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பாராம். செய்தி, தொடர்கதை, எல்லாம். அப்பப்பா பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை, ஆனால் உலக அரசியல் பேசுவார். கியூபாவிலும் இதே வழக்கம் இருக்கிறது, ஹவானாத் தொழிற்சாலைகளில் 1865இல் தொடங்கியது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், இலையைச் சுருட்டுகிற கைகளுக்குக் காதில் ஒரு கதை தேவைப்பட்டிருக்கிறது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய சரக்கு, அதைப் பற்றித் தனியாக ஒரு வீடியோ போடுகிறேன்.

கடைசிப் பகுதி. கொஞ்சம் கசக்கத் தொடங்கிவிட்டது, விரலும் சுடுகிறது. தலை சுற்றவில்லை. நசுக்க வேண்டியதில்லை, சிரட்டையில் வைத்தால் தானாக அணையும்.

பக்கத்து வயல் அப்பு நேற்று வந்தபோது அவருக்கும் ஒன்று கொடுத்தேன். எழுபது தாண்டியவர், நம் சுருட்டு தவிர வேறெதுவும் தொடாதவர். கறுப்பைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. பாதி வரை ஒன்றும் பேசாமல் இழுத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, வாசம் நல்லாய்த்தான் கிடக்கு. எப்ப பத்தத் தொடங்கும்?" என்றார்.