கிளியும் ரோஜாவும் மட்டுமா? ஊசி அணிக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயாவுக்கும், எதிரணிக்கும், திருமங்கலத்து அம்மாக்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம். கொடுத்திருப்பது கொஞ்ச நேரம், அதை வணக்கத்திலேயே கரைக்க மனசில்லை.

"பெண்களின் கதையைக் காத்தது ஏடா, ஊசியா?" என்பது தலைப்பு. நான் ஊசிப் பக்கம். ஒழுங்காகப் பாயிண்ட் எல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு வார்த்தை விட்டார் பாருங்கள்: "ஊசி என்னம்மா எழுதும்? தலையணை உறையில் ரெண்டு கிளி, ஒரு ரோஜா, கீழே ஸ்வீட் ட்ரீம்ஸ். அதுதானே உங்கள் வரலாறு?" பந்தலே சிரித்தது. முன்வரிசை அக்காமார்களும் சேர்ந்து கைதட்டினார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாயிண்ட் கிடக்கட்டும், முதலில் அண்ணனுக்குப் பதில்.

இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு கிராமம். அங்கே கூலிக்காரர் வீட்டுப் பெண், பெயர் எலிசபெத் பார்க்கர், 1813-ல் பிறந்தது. வீடு நிறையப் பிள்ளைகள், சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் போன ஒரு வீட்டில் எஜமான் தப்பாக நடக்கப் பார்த்தான். இது இணங்கவில்லை. மாடிப்படியில் பிடித்துத் தள்ளிவிட்டான். அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? போலீஸா, பஞ்சாயத்தா, பெற்றவர்களா? சுமார் 1830-ல் ஒரு வெள்ளைத் துணியை எடுத்தது, சிவப்பு நூலைக் கோத்தது, குறுக்குத் தையலில் எழுத்து எழுத்தாகத் தைக்க ஆரம்பித்தது. தொடக்கமே என்ன தெரியுமா? எனக்கு எழுதத் தெரியாது, அதனால் நம்பிப் பேசக்கூடிய ஒருவரிடம் சொல்வதுபோல இதை இங்கே வைக்கிறேன் என்று.

பின்வரிசைக்கும் கேட்கட்டும், திரும்பச் சொல்கிறேன். தனக்கு எழுதத் தெரியாது என்பதை ஒரு பெண் ஊசியால் எழுதியிருக்கிறது!

அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் தையல் பழகும் துணியில் ஏ பி சி டி, ஒரு வீடு, ரெண்டு மரம், சுற்றிலும் பூங்கொடி எல்லாம் தைப்பார்கள். எலிசபெத்தின் துணியில் கொடி இல்லை, பூ இல்லை, அண்ணன் கேட்ட கிளியும் இல்லை. மேலிருந்து கீழே வரிவரியாகச் சிவப்பு எழுத்து மட்டும்தான். குறுக்குத் தையல் போட்டுப் பார்த்த அக்காமார்களுக்குத் தெரியும், ஒரே ஒரு 'அ' போட்டு முடிப்பதற்குள் கழுத்து என்ன பாடுபடும் என்று. நமக்குக் கோபம் வந்தால் ஒரு நிமிஷம் கத்திவிட்டுப் போய்விடுவோம். இந்தப் பெண்ணோ எஜமான் செய்ததை, மாடிப்படியை, செத்துப்போகலாமா என்று நினைத்ததை, எல்லாவற்றையும் நூலை இழுத்து இழுத்துத் தைத்து வைத்திருக்கிறது. கடைசியில் என் ஆன்மா என்ன ஆகும் என்று கேட்கிற இடத்தில் வரி அப்படியே நின்றுவிடுகிறது.

பதறாதீர்கள், சாகவில்லை. பிறகு சொந்த ஊரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சராகி, எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தார். அந்தத் துணி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள் அண்ணே, அந்த எஜமான் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் வேலைக்காரியின் சம்பளம் இருந்திருக்கும். மாடிப்படி இருந்திருக்குமா?

மதுரைப் புதுமண்டபத்தில் அழகர் திருவிழா வேடத் துணி தைத்தவர்கள் ஆண்கள்தானே என்றும் அண்ணன் கேட்டார். சரிதான், சரிகை வேலை செய்கிற ஜர்தோசிப் பட்டறைகளிலும் ஆண்கள்தான் உட்கார்ந்தார்கள், அவர்கள் கைக்கு ஒரு கும்பிடு. நான் பேசுவது சொல்ல வேறு வழியே இல்லாமல் ஊசியை எடுத்தவர்களைப் பற்றி.

1973-ல் சிலி நாட்டில் பினோசே என்ற தளபதியின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. புருஷனையும் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு போனார்கள், பலர் திரும்பவே இல்லை. பேப்பரில் செய்தி வராது. அந்த வீட்டுப் பெண்கள் சாக்குத் துணியை விரித்து, பழைய துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, "எங்கே அவர்கள்?" என்று தைத்தார்கள். ஏடு வாயை மூடிக்கொண்டிருந்த நாட்டில் அந்தச் சாக்குத் துணி கடல் தாண்டிப் போய் உலகத்துக்குச் சொன்னது. பிரான்ஸில் பாயோ என்ற ஊரின் பெயரில் சுமார் 70 மீட்டர் நீளத் துணி இருக்கிறது, 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த போர்க்கதை முழுக்க நூலில். ராஜா, குதிரை, கப்பல், வால்நட்சத்திரம். அதற்கு நடுவில் எரிகிற வீட்டிலிருந்து ஒரு தாய் பிள்ளையோடு வெளியேறுகிறாள். தைத்தவர்கள் பெண்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ராஜா பெயர் தெரியும், அவர்கள் பெயர் ஒன்றுகூடத் தெரியாது.

அவ்வளவு தூரம் ஏன், நம் நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் கோத்து, படம் வரையாமல், இழையை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எண்ணுகிறவளின் தலைக்குள் இருக்கிற அந்தக் கணக்கு எந்த ஏட்டில் இருந்தது?

இப்போது அண்ணன் சிரித்த தலையணை உறைக்கு வருகிறேன். எங்கள் அப்பத்தா ஒரு உறை தைத்திருந்தாள். கிளிதான். ரோஜாதான். நிலத்துப் பட்டாவில் தாத்தா பெயர், ரேஷன் கார்டில் அப்பா பெயர், ஊர்க் கோயில் கல்வெட்டில் உபயம் என்று சித்தப்பா பெயர். அப்பத்தா பெயரை அந்த வீட்டில் ஒரு இடத்தில்தான் பார்த்தேன், அந்த உறையின் மூலையில், பச்சை நூலில், கோணலாக 'மு' என்று ஒரே ஒரு எழுத்து. பள்ளிக்கூடம் போகாதவள், யாரையோ கேட்டுக் கேட்டு அதைப் போட்டிருக்கிறாள். கிளியைத் தைக்கச் சொன்னார்கள், தைத்தாள். 'மு' போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை ஐயா!

நடுவர் மணியை எடுத்துவிட்டார், முடித்துவிடுகிறேன். இந்தப் பந்தலில் ஆரி வேலை செய்கிற தங்கச்சிகள் எத்தனையோ பேர் இருப்பீர்கள். யாரோ போடப்போகும் கல்யாண ஜாக்கெட்டுக்கு ராத்திரி கண்விழித்துக் கல்லும் மணியும் வைத்துத் தைக்கிறீர்கள். கடைக்காரர் பெயர் லேபிளில் வரும், உங்கள் பெயர் வராது. தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் பரவாயில்லை, அடுத்த ஜாக்கெட்டின் உள்பக்கம் தையல் மடிப்புக்குள்ளே ஒரு எழுத்து, உங்கள் எழுத்து, போட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்டால் திருமங்கலத்துப் பட்டிமன்றத்தில் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.