மூளைக்கு ஊசி போட்டாச்சா?

நேயர்களுக்கு வணக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களை மனதில் வைத்துத்தான் தலைக்காயம் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

வார்டு வாசலில் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: "டாக்டர், மூளைக்கு ஊசி போட்டாச்சா? எவ்வளவு ஆனாலும் வெளியில வாங்கிட்டு வர்றோம்." கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். மூளைச் செல்களைச் சாகாமல் காக்கும் ஊசி என்று நிரூபணமான ஒன்று இன்றுவரை இல்லை.

தேடாமல் இல்லை. அடிபட்ட நொடியில் செத்த செல்கள் திரும்பாது, சரி. ஆனால் அடுத்த மணிகளிலும் நாட்களிலும் மூளை வீங்குகிறது. செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற ரசாயனம் அளவுக்கு மீறிக் கொட்டி, செல்லுக்குள் கால்சியம் புகுந்து, தப்பித்தவையும் சாகின்றன. மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏற ஏற மூளைக்கு ரத்தம் போவது குறைகிறது. இதைத் தடுக்கத்தான் மருந்து தேடினார்கள். வீக்கம் வடியும் என்று பல வருடம் கொடுத்துவந்த ஸ்டீராய்டை 10,000 பேரிடம் சோதித்ததில், மருந்து பெற்றவர்களிடையேதான் சாவு அதிகம் என்று 2004-இல் தெரிந்தது. இன்றும் நம் ஊர் மருந்துச் சீட்டுகளில் இருக்கும் சிட்டிகோலின் 2012-இல் தோற்றது. பெரிதும் எதிர்பார்த்த புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் 2014-இல் தோற்றது.

அப்புறம் எதுதான் காப்பாற்றும்? மூச்சும் ரத்த அழுத்தமும். பலத்த தலைக்காயத்தில், ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களில் மேலே உள்ளது ஒரு முறை 90-க்குக் கீழே இறங்கினாலே சாவு அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆக்சிஜன் குறைந்தாலும் ஆபத்துதான். இதில் பாதி ரோட்டிலேயே முடிவாகிவிடுகிறது.

தண்டையார்பேட்டையில் ஒருவர் மல்லாக்கக் கிடக்கிறார் என்று வையுங்கள். பாசத்தோடு யாரோ வாயில் சோடா ஊற்றுகிறார். மயங்கியவருக்கு அது நுரையீரலுக்குப் போகும். பிறகு ஷேர் ஆட்டோவில் திணிக்கிறார்கள். தலை மார்பில் மடங்கி மூச்சுவழி அடைபடுகிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும்போது உதடு நீலம். தடுத்திருக்கக்கூடியது இது, அதனால்தான் மனது ஆறுவதில்லை.

108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுத்தாலோ தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தாலோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்து தலை, கழுத்து, உடம்பு ஒரே கோட்டில் இருக்கும்படி பக்கவாட்டில் திருப்புங்கள். ரத்தம் வழிந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். போலீஸ், கேஸ் என்று பயப்பட வேண்டாம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பணம் புரட்டக் காத்திருக்கவும் வேண்டாம்: 2021-இல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, குறிப்பிட்ட தொகை வரை, அரசே செலவு செய்கிறது.

எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை 3 மணி நேரத்துக்குள்தான் போட வேண்டும். நேரம் தெரியாவிட்டால் எங்கள் கை கட்டிப்போகிறது.