தண்ணி ஆழம் பாக்கப் போனவங்க

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கக் கடற்படையோட சிறப்புப் படையான நேவி சீல்னாலே ஹெலிகாப்டர்ல இருந்து கயிறு புடிச்சு இறங்குற ஆளுங்கதான் நம்ம கண்ணு முன்னாடி வருவாங்க, ஆனா அந்தப் படைக்கு வித்து விழுந்தது ஒரு கணக்கு தப்பிப்போனதுலதாங்க, கரையோரம் எத்தனை அடி தண்ணி நிக்கும்ங்கிற கணக்கு.

1943 நவம்பர் 20, ரெண்டாம் உலகப்போர் நேரம், பசிபிக் கடல்ல தராவாங்கிற தீவுக்கூட்டம். ஜப்பான்காரங்க கைல இருந்த இடம், அதப் பிடிக்க அமெரிக்கப் படை போச்சு. அங்க பவளப்பாறையத் தாண்ட வீரர்களக் கரையில இறக்குற ஹிக்கின்ஸ் போட்டுக்கு ஏறக்குறைய நாலடி தண்ணி வேணும், அன்னைக்கு கடல் ஏத்தம் அந்த அளவுக்கு வரவே இல்ல, போட்டெல்லாம் பாறைல தட்டி நின்னுடுச்சு. மரைன்ஸ்ங்கிற அமெரிக்க வீரர்கள் இறங்கி நெஞ்சளவு தண்ணில பல நூறு கெஜம் நடந்தாங்க, எதிர்ல மெஷின் கன். மூணு நாள்ல ஆயிரம் பேருக்கு மேல போய்ட்டாங்க. அத்தனை பேரும் இதனாலதான் செத்தாங்கன்னு சொல்லல, ஆனா முன்னாடியே ஒருத்தர் நீந்திப்போய் பாத்திருந்தா எத்தனை உசுரு மிஞ்சியிருக்கும்னு நினைச்சா மனசு ஆற மாட்டேங்குது.

அதுக்கப்புறம்தான் அட்மிரல் கெல்லி டர்னர் படை இறங்குறதுக்கு முன்னாடியே கரையோரத்த அளந்து, தடைகள வெடிவச்சு உடைக்கிற நீருக்கடி வெடிவைப்புக் குழுக்கள உருவாக்கச் சொன்னாரு, சுருக்கமா யுடிடி. முதல்ல அவங்களும் பூட்ஸ், ஹெல்மெட்டோட ரப்பர் படகுலதான் போகணும்னு ரூல். 1944 ஜனவரில குவாஜலீன்ங்கிற இன்னொரு பசிபிக் தீவுக்கூட்டத்துல ரெண்டு பேரு யூனிஃபார்மக் கழட்டிப் போட்டுட்டு நீச்சல் டிரவுசரோட குதிச்சு பாறையெல்லாம் பாத்துட்டு வந்து சொன்னாங்க, அதோட வேலை செய்ற விதமே மாறிடுச்சு.

ஜூன்ல சைபன் தீவு. அங்க போன ஒரு யுடிடி குழுவோட தலைவர் டிரேப்பர் காஃப்மன், கண்பார்வை சரியில்லன்னு நேவி ஒரு காலத்துல வேலை குடுக்காம அனுப்பின மனுஷன். வீரர்கள் உடம்புல அடிக்கு ஒரு கறுப்பு வளையம் பெயின்ட்ல போட்டாங்க. 25 கெஜத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட மீன்பிடி நூல், முடிச்சு வந்ததும் நின்னு தண்ணி எந்த வளையம் வரைக்கும் இருக்குன்னு பாத்து பிளாஸ்டிக் பலகைல பென்சிலால எழுதணும். பட்டப்பகல்ல, கரையில இருந்து சுடுறப்போ! என்னைக் கேட்டா இதுக்கு மேல ஒரு தைரியம் கிடையாது.

1962ல கென்னடி காலத்துல இந்த யுடிடி ஆளுங்கள வச்சே ரெண்டு சீல் டீம் ஆரம்பிச்சாங்க, வியட்நாம்ல மெக்காங் டெல்டா பூரா அவங்கதான், 1983ல மிச்சமிருந்த யுடிடியும் சீல்ல சேந்துடுச்சு. கலிஃபோர்னியாவுல கரோனாடோங்கிற ஊர்ல சீல் பயிற்சிக்கு வர்ற பசங்களுக்கு, தூக்கமே இல்லாம வாட்டியெடுக்கிற ‘நரக வாரம்’ முடிஞ்ச கையோட, கடற்கரை ஆழம் அளந்து வரைபடம் போடத்தான் சொல்லிக்குடுத்தாங்க.