இரவுச் சோறும் நெஞ்செரிச்சலும்

குடியாத்தத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நெஞ்செரிச்சல் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், நான் கேட்பதற்கு முன்பே, "காரத்தை விட்டுவிட்டேன் டாக்டர், ஊறுகாயைத் தொடுவதே இல்லை, ஆனாலும் எரிகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வருகிறது. தறியை நிறுத்திவிட்டு, கை கால் கழுவி, ஒன்பதரை மணிக்குத் தட்டின் முன் உட்காருகிறவர், பகலில் அரைகுறையாகச் சாப்பிட்ட பசியையும் சேர்த்துத் தீர்த்துக்கொண்டு, பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறார். காரத்தை விட்டது நல்லதுதான், ஆனால் அவரை எரிப்பது பெரும்பாலும் அந்த அரை மணி நேரமே.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. சுருக்குப்பையின் வாயைப் போல, விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் இறுகிக்கொள்வது அதன் வேலை. இரைப்பையில் சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்கிக்கொள்ள இரைப்பையின் உட்சுவரில் தடித்த சளிப்படலம் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததால், வளையம் தளர்ந்து அமிலம் மேலேறும்போது எரிகிறது, நாளடைவில் புண்ணும் ஆகிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வரை புவியீர்ப்பு நமக்குத் துணை நிற்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் அந்தத் துணை போய்விடுகிறது. அதனால்தான் கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும் என்கிறோம்.

வேலை முடியவே ஒன்பது ஆகிறதே என்பீர்கள். அப்படியானால் ஏழு மணி வாக்கில் வேலைக்கு நடுவிலேயே நான்கு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் பசித்தால் கொஞ்சமாக ரசம் சோறு போதும், புளிப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் கஞ்சி குடிக்கலாம்.

பீடி சுற்றும் தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மதியம் உண்ட கையோடு முறத்தை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால், மடிந்த வயிறு இரைப்பையை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளுகிறது. சாப்பிட்டபின் அரை மணி நேரம் நடமாடுகிற வேலைகளைப் பார்த்துவிட்டு, பிறகு முறத்தை எடுங்கள். இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும், ஆண்களின் பெல்ட்டும் செய்வது அதே அழுத்தத்தைத்தான். தொப்பை குறைந்தால் எரிச்சலும் குறைவதற்குக் காரணம் இதுவே.

ஆம்பூர் பிரியாணி இருக்கும் மாவட்டத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. ஞாயிறு மதியம் அளவோடு சாப்பிடுங்கள், ஆனால் சாப்பிட்டதும் உறங்காதீர்கள். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். அது செரிக்கட்டும் என்று குடிக்கிற சோடா, வயிற்றை ஊதவைத்து, ஏப்பத்தோடு அமிலத்தையும் மேலே கொண்டுவரும். பீடி, சிகரெட் புகைப்பது அந்த வளையத் தசையையே தளர்த்திவிடுகிறது.

இரவில் எதுக்களித்து விழித்துக்கொள்பவர்கள் தலையணைமேல் தலையணை அடுக்குகிறார்கள். அதனால் கழுத்துதான் மடிகிறதே தவிர, மார்பு உயர்வதில்லை. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டிரண்டு செங்கற்களைப் படுக்கவைத்தால், ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். கட்டில் ஆடாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுப் படுங்கள். இடப்பக்கம் சாய்ந்து படுப்பதும் உதவும், ஏனெனில் அப்போது இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தங்குகிறது.

இவ்வளவு செய்தும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எரிந்தால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே இராமல் மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது சோறு அடைத்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், இரத்த வாந்தி வந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தி, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், அதை வாயு என்று எண்ணி ஓம நீர் குடித்துக் காத்திராமல், உடனே 108-ஐ அழையுங்கள்.