குவாங்சோவில் பெரியவர்களோடு எழுந்திருங்கள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கணவனும் மனைவியுமாக முதுகுப் பையை மாட்டிக்கொண்டு போய், ஒரு பெரிய சீன நகரத்தில் குறைந்த செலவில் தங்குவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் குவாங்சோவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பழைய பெயர் கான்டன். பெய்ஜிங், ஷாங்காய் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கொரோனாவோடு நின்றுபோன இந்திய, சீன நேரடி விமானம் 2025 அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது, கொல்கத்தாவிலிருந்து முதலில் போய் இறங்கியதும் இந்த ஊரில்தான்.

குவாங்சோவில் சிக்கனம் என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருப்பது இல்லை. அந்த ஊர்த் தாத்தா பாட்டிகள் எப்போது எழுந்து, எங்கே உட்கார்ந்து, எதைச் சாப்பிடுகிறார்களோ அதை நாமும் செய்தால் போதும். பணி ஓய்வு பெற்றவர்களின் நகரமும் சுற்றுலாக்காரர்களின் நகரமும் அதே தெருக்களில்தான் இருக்கின்றன. விலைதான் வேறு.

தங்கும் இடத்தை முதலில் முடித்துவிடுவோம். தம்பதியாகப் போகிறவர்கள் பயணிகளுக்கான மலிவு ஹாஸ்டலில் பொது அறையில் இரண்டு கட்டில் எடுப்பது பெரும்பாலும் வீண். இரண்டு கட்டில் வாடகையைக் கூட்டிப் பாருங்கள், அதே ஹாஸ்டலில் தனி அறை கிட்டத்தட்ட அந்த விலைக்கே வந்துவிடும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டம். ஓட்டலோ ஹாஸ்டலோ அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் நாமே போக வேண்டும். அறை எங்கே இருந்தாலும் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான்தான். ஒரு யுவானை ஏறக்குறைய 12 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு அலிபே என்கிற சீனக் கைபேசிச் செயலி. நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை அதில் இணைக்கலாம். ஒரே தடவையில் 200 யுவானைத் தாண்டினால் 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள், அதற்குள் என்றால் ஒன்றும் இல்லை. கூகுள் மேப்பை நம்பி நடக்காதீர்கள். சீன வரைபடங்களின் அளவை முறை வேறு என்பதால், கூகுளில் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளியே நிற்கும்.

சரி, காலைத் தேநீருக்கு வருகிறேன். எனக்கு இந்த ஊரே அதுதான்.

ஏழு மணிக்கெல்லாம் பெரிய பெரிய தேநீர் உணவகங்களின் வாசலில் நரைத்த தலைகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே போனால் ஆளுக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம். இலையை நாம் தேர்ந்தெடுக்கலாம். முதல் ஊற்றுத் தேநீரைக் குடிப்பதில்லை. கிண்ணம், குவளை, குச்சி எல்லாவற்றையும் அதில் அலசி, பக்கத்தில் இருக்கும் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிடுவார்கள். கெட்டிலில் வெந்நீர் தீர்ந்தால் கூப்பிட வேண்டாம், மூடியைச் சாய்த்து வைத்தால் பணியாளர் வந்து ஊற்றுவார். ஊற்றுகிறவருக்கு நன்றி, மேசையில் இரண்டு விரலால் தட்டுவது. நான் இதைச் செய்தபோது பக்கத்து மேசைப் பாட்டி சிரித்துவிட்டு, என் விரலைப் பிடித்து மடக்கிக் காட்டினார். மடக்கித்தான் தட்ட வேண்டுமாம்.

'ஒரு குவளை, இரண்டு தட்டு' என்பது அவர்கள் பேச்சு வழக்கு. தேநீர், கூடவே ஆவியில் வெந்த இரண்டு பலகாரம், ஒரு செய்தித்தாள். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். தட்டுகளுக்குச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று விலைப் படி உண்டு. பல கடைகளில் விடிகாலையில் வருகிறவர்களுக்குத் தள்ளுபடியும் இருக்கிறது. அதே மேசையில் ஞாயிறு பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் காத்திருப்பும் அதிகம், பில்லும் அதிகம்.

அதைவிட மலிவு தெருமுனைச் சாங்ஃபன் கடை. அரைத்த அரிசி மாவை மேசை டிராயர் போன்ற தகரத் தட்டில் மெல்லியதாக ஊற்றுவார்கள். மேலே ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி, ஆவிப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். ஓரிரு நிமிடத்தில் தட்டை வெளியே இழுத்து, சுரண்டியால் ஒரே வீச்சில் திரட்டி, வெட்டி, சோயா சாற்றை ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். சைவக்காரர்கள் முட்டையும் வேண்டாம் என்று சொல்லிக் கீரை மட்டும் போடச் சொல்லலாம். ஆனால் எண்ணெய் எது என்று கேட்டுவிடுங்கள், பன்றிக் கொழுப்பு பல சமையலறைகளில் சாதாரணம். மதியத்துக்குக் கோயில் சைவ உணவகங்கள் கவலையில்லாதவை. மூலிகைத் தேநீர்க் கடைகளும் தெருவுக்குத் தெரு உண்டு. நம் நிலவேம்புக் கஷாயத்துக்குச் சித்தப்பா மகன் என்று சொல்லலாம்.

சாப்பிட்டுவிட்டுப் பெரியவர்கள் போகிற இடம் பூங்கா. யூஷியூ பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. ஒரு மரத்தடியில் அந்த ஊர் இசை நாடகமான கான்டனீஸ் ஓபரா பாடுவார்கள், பக்கத்திலேயே இறகுப் பந்தைக் காலால் உதைத்து ஆடுவார்கள். எழுபது வயதுக்காரர் அதைக் குதிகாலால் பின்பக்கம் உதைத்து அனுப்புவதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க முழங்கால் வலி பற்றி நான் வாயே திறக்கவில்லை.

பூங்காவின் மேற்குப் பக்கம், நான்யூ என்ற பழைய நாட்டின் அரசர் கல்லறை அருங்காட்சியகம், 10 யுவான். 1983-இல் கட்டடம் கட்டத் தோண்டும்போது அகப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு அரசரைப் பச்சைக்கல் (ஜேட்) துண்டுகளைப் பட்டு நூலால் கோத்த உடையில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். 2,291 துண்டுகள். கூடவே ஆப்பிரிக்க யானைத் தந்தமும் பாரசீகப் பாணி வெள்ளிப் பெட்டியும். அப்போதே துறைமுக ஊர்!

லிவான் பகுதியில், பச்சைக்கல் கடைகளுக்கு நடுவே, ஹுவாலின் கோயில். போதிதர்மர் கப்பலிலிருந்து இறங்கிய இடம் இதுதான் என்பது மரபு. சீன மரபு அவரைத் தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது, நாம் காஞ்சிபுரம் என்கிறோம். கரை இப்போது அங்கே இல்லை, ஆறு ஒதுங்கிப் போய்விட்டது. கடைக்காரர்கள் வளையல் பேரம் பேசுகிற சத்தம்தான் கேட்கிறது.

இனி ஜோடியாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கூட்டுப் பணம் தனியாக இருக்கட்டும், ஆளுக்குக் கொஞ்சம் ஆசைப் பணமும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கான்டன் டவர் என்ற கோபுரம் 600 மீட்டர் உயரம். மேலே ஏற நூறு யுவானுக்கு மேல் ஆகும். என் கணவர் தன் ஆசைப் பணத்தில் ஏறினார். நான் எதிர்க்கரையில் ஹுவாசெங் சதுக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கோபுரம் நிறம் மாறுவதைக் காசில்லாமல் பார்த்தேன். அவர் மேலே நின்றதால் கோபுரத்தைப் பார்க்கவே முடியவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எப்போது போவது? 1957 முதல் நடக்கிற கான்டன் வர்த்தகக் கண்காட்சி ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையிலும் வரும். அந்த வாரங்களில் அறை வாடகை எகிறிவிடும். அக்டோபர் முதல் வாரம் சீனா முழுக்க விடுமுறை, ரயிலில் இடம் கிடைக்காது. மார்ச்சில் சுவரே வியர்க்கும், துவைத்த துணி காயாது. இரண்டு செட் துணியோடு போகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய தொல்லை. நவம்பர் கடைசியும் டிசம்பரும் சரி.

விசா, டிக்கெட் கணக்கெல்லாம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் கணவரிடம் கேளுங்கள், நோட்டுப் புத்தகம் அவர் பையில்தான் இருக்கிறது. சாப்பாட்டுக் கேள்விகளை என்னிடம் கேட்கலாம்.